தளர்ந்த கயிறு யார் வினை?

லாரியில் ஏறிய சரக்குக்கும் லாரியின் வேகமே உண்டு. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடினால் அதன் மேலிருக்கும் மூட்டையும் 60 கிலோமீட்டரில்தான் ஓடுகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் நிற்கும். சக்கரத்தோடு சட்டமும் பாடியும் நிற்கும். மூட்டையை நிறுத்துவதற்கோ தளத்தின் உராய்வும், இறுக்கிப் பிடித்த கயிறும், முன்பக்கத் தடுப்பும்தான் இருக்கின்றன. இவை போதாதபோது சரக்கு நகர்கிறது. நகர்ந்த சரக்கு ஓட்டுநரின் அறையை நசுக்கலாம். வளைவில் வண்டியையே கவிழ்க்கலாம். பின்னால் வரும் மொபெட்டின் மேல் சரியலாம். அப்படி ஓர் உயிர் போய்விட்டால் சாலையோரத்தில் கூடும் கூட்டத்தில் இரண்டு பேச்சு கேட்கும். ஒருவர் கட்டு சரியில்லை என்பார். இன்னொருவர் விதி என்பார். இரண்டும் ஒரே சாவுக்குச் சொல்லப்படும் காரணங்கள். இவை ஒன்றையொன்று மறுப்பவையா, இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக இருக்க முடியுமா, சாவு நேராமல் தப்பிய நாட்களில் அந்தத் தளர்ந்த கயிறு குற்றமா இல்லையா என்பவை சமயங்களும் அறநூல்களும் நெடுங்காலமாக எடுத்துப் பேசிய கேள்விகள்தான்.

இக்கேள்விகள் அன்றாடம் எழக்கூடிய இடங்களில் ஒன்று திண்டுக்கல் சமவெளி. தேசிய நெடுஞ்சாலை 44 கரூரிலிருந்து இறங்கி நகரின் ஓரமாக மதுரைக்குப் போகிறது. கோயம்புத்தூர், பழனி வழியாக வரும் 83 ஒட்டன்சத்திரத்தைக் கடந்து இங்கே வந்து திருச்சிக்குப் பிரிகிறது. 183 இங்கிருந்து தேனி, குமுளி வழியாகக் கேரளத்துக்கு மலையேறுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறி நாள்தோறும் கேரளத்துக்குப் போகிறது. திண்டுக்கல் மண்டிகளில் வெங்காய மூட்டை ஏறுகிறது. வேடசந்தூர்ப் பக்கத்து மில்களிலிருந்து நூல், கரிக்காலியிலிருந்து சிமெண்ட், நிலக்கோட்டையிலிருந்து பூ, நகரத்தின் பட்டறைகளிலிருந்து பூட்டு, தொழிற்சாலைகளிலிருந்து பதனிட்ட தோல், சிறுமலையிலிருந்து வாழைத்தார் என்று வகைவகையான சரக்கு இந்தச் சாலைகளில் ஓடுகிறது.

ஒவ்வொரு சரக்கும் நகரும் விதம் வேறு. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. தாழ்வாக அடுக்கினாலே வண்டியின் எடை நிரம்பிவிடும். நூல் பெட்டி எடை குறைவு, உயரம் அதிகம். மேலே போகப் போக ஆட்டம் கூடும். வெங்காய மூட்டை ஓட்டத்தில் அமுங்கும், அமுங்கினால் கயிறு தொங்கும். ஈரத் தோல் வழுக்கும். பாதி நிரம்பிய டேங்கரில் திரவம் அலையடித்து வண்டியைத் தள்ளும். அதனால்தான் டேங்கருக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். வைக்கோல் லாரி பக்கவாட்டில் பிதுங்கிச் சாலையின் பாதியை அடைத்துக்கொள்ளும், உயரத்தில் மின்கம்பியைத் தொடும்.

நகர்த்தும் விசையின் அளவைக் கணக்கிட்டே சொல்ல முடியும். ஐரோப்பாவில் சுமை கட்டுவதற்கான தர நெறி, முன்னோக்கிச் சரக்கின் எடையில் 80 விழுக்காடும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 விழுக்காடும் விசை தாக்கும் என்று வைத்துக் கட்டச் சொல்கிறது. 10 டன் சரக்கென்றால் கடும் பிரேக்கில் முன்னோக்கித் தள்ளுவது 8 டன். மரத்தளத்தின் உராய்வு எடையில் 30 விழுக்காடு என்று கொண்டால் அது 3 டன்னைத் தாங்கும். மீதி 5 டன்னைக் கயிறும் முன்தடுப்பும் ஏற்க வேண்டும். தளத்தில் மணலோ தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் உராய்வு இன்னும் குறைந்து, கயிற்றின் பங்கு கூடும்.

வளைவுக் கணக்கு இதைவிடக் கடுமையானது. சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பும் வண்டியில், சரக்கை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வேகம் 30 ஆனால் அது ஏறத்தாழ பாதியாகிவிடும். பத்து கிலோமீட்டர் கூடினதாகத்தான் ஓட்டுநருக்குத் தெரியும். சரக்கின் மேல் விழும் தள்ளலோ இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். கயிற்றின் சாய்வும் கணக்கில் சேரும். சரக்கின் மேலே போய் நேர்க்குத்தாக இறங்கும் கயிறு தன் இழுவிசை முழுவதையும் சரக்கை அழுத்தச் செலவிடும். தளத்தோடு 30 பாகைச் சாய்வில் இறங்கினால் பாதிதான் அழுத்தத்துக்குப் போகும். தாழ்வான சரக்கின் மேல் பரக்கப் போட்ட கயிறு பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தும் பிடிக்காமல் போவது இதனால்தான்.

மண்டி வாசலில் வெங்காயம் ஏறும் விதத்தைப் பார்த்தால், இந்தக் கணக்கெல்லாம் அங்கே கையாலேயே போடப்படுகிறது. முதல் வரிசை மூட்டைகள் முன்தடுப்பை ஒட்டி நெருக்கமாக விழும். அடுத்த வரிசை, கீழ்வரிசை மூட்டைகள் இரண்டும் சேரும் இடத்தின் மேல் வரும்படி, செங்கல் அடுக்குவதுபோல மாற்றி அடுக்கப்படும். மேலே போகப் போக வரிசை உள்வாங்கும். பிறகு படுதா விரியும். கிளீனர் மேலேறி நின்று கயிற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் எறிவார். கீழே நிற்பவர் அதில் ஒரு கண்ணி போட்டு, முனையைப் பாடிக்கு அடியிலிருக்கும் கொக்கியில் மாட்டி, கண்ணிக்குள் கொடுத்து, ஒரு காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு உடல் எடை முழுவதையும் சாய்த்து இழுப்பார். கண்ணி இழுவையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். இழுத்தபின் கயிற்றை விரலால் சுண்டிப் பார்ப்பார். விறைத்த கயிறு அதிரும். தளர்ந்தது சோர்ந்து ஆடும். ஒரு லாரிக்கு இப்படிப் பல கட்டு. அவசரத்தில் இரண்டு கட்டு குறைந்தால் வாசலில் நிற்கும் யாருக்கும் தெரியாது. படுதா அதை மறைத்துவிடும்.

கட்டி முடித்த லாரி உடனே கிளம்புவதில்லை. முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும். சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கும். சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார்கள். நெற்றியில் பழனி முருகன் பெயர் எழுதிய வண்டியும், வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டிய வண்டியும், 786 எழுதிய வண்டியும் ஒரே மண்டி வாசலில் அடுத்தடுத்து நிற்பது இவ்வூரில் வழக்கம். மலையடிவாரத்துச் சின்னக் கோயிலில் நின்று திருநீறு பூசிக்கொண்டு ஏறும் ஓட்டுநர்கள் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அது சரியான தீர்ப்பும் ஆகாது. முன்னூறு கிலோமீட்டர் இரவுப் பயணத்தில் தன் கையில் இல்லாதவை எத்தனை என்று ஓட்டுநருக்குத் தெரியும். எதிரே வருபவன் குடித்திருக்கலாம், பாலத்தில் பள்ளம் இருக்கலாம், மாடு குறுக்கே வரலாம். கையில் இல்லாததை இறைவனிடம் விடுவது அறிவுக்கு எதிரானதல்ல. கையில் இருந்ததையும் சேர்த்து அவனிடம் விட்டுவிடலாமா என்பதே கேள்வி.

இந்த ஒரு கேள்வியில் திண்டுக்கல்லின் மூன்று சமயத்தாருக்கும் அவரவர் மரபு தெளிவான பதிலைத் தருகிறது. திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. சுமை விலங்கைப் பற்றியே வந்த கேள்வி அது. மத்தேயு நற்செய்தியில் ஆலய உச்சியிலிருந்து குதித்தால் தேவதூதர் தாங்குவார்கள் என்று சாத்தான் சொல்லும்போது, கடவுளைச் சோதித்துப் பார்க்கக்கூடாது என்று இயேசு மறுக்கிறார். தளர்ந்த கட்டோடு கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டே மாதாவை அழைப்பது அந்த உச்சியிலிருந்து குதிப்பதற்கு நெருங்கிய செயல். பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: செயல் நிற்கும் இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். லாரிக்குப் பொருத்தினால் பாடியின் தளம், கட்டுபவர், கயிறு, இழுத்துக் கட்டும் உழைப்பு, அதன்பிறகே தெய்வம். தெய்வத்தின் பங்கை அந்த நூல் மறுக்கவில்லை. முதல் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொள்ள அதில் இடமும் இல்லை. அதே அத்தியாயம், விளைவையும் இழப்பையும் பிறருக்கு வரும் துன்பத்தையும் தன் திறனையும் எண்ணாமல் தொடங்கும் செயலைத் தாமசம் என்று வகைப்படுத்துகிறது. எடைமேடைச் சீட்டைப் பாராமல் ஏற்றிய லோடுக்கு இதைவிடப் பொருத்தமான வகை கிடைக்காது.

ஊழ் பற்றிய தமிழ்ச் சிந்தனை இன்னும் சிக்கலானது. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு, 38ஆவது. ஊழை வெல்ல எதுவுமில்லை என்ற அளவுக்கு அது போகிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமை, தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறது. இரண்டையும் ஒரே நூலில் வைத்தவர் முரண்பாட்டை அறியாதவராக இருக்க முடியாது. சுமைக்கு இன்னும் அருகில் வரும் இரண்டு இடங்களும் அதே நூலில் உள்ளன. வலியறிதல் அதிகாரத்தில், மயில்பீலி ஏற்றிய வண்டிக்கும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்ற குறள் வருகிறது. பொருளில் அது அரசனுக்குச் சொன்னது. ஆனால் ஓவர்லோடு ஏற்றிய வண்டியை ஒருமுறையாவது பார்த்தவர்தான் அப்படி எழுதியிருக்க முடியும். 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை முழுவதும் அசட்டையைப் பற்றியது. வருமுன் காக்காமல் மறந்திருந்தவன் பின்னால் தன் பிழைக்கு வருந்துவான் என்று அது எச்சரிக்கிறது. ஊழ் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது என்றால் அந்த அதிகாரத்துக்கு வேலையே இல்லை.

புறநானூற்றிலும் இதே இரட்டை நிலை காணப்படுகிறது. கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாடல் உயிரை ஆற்று நீரோடு போகும் புணையாகக் காண்கிறது. அதே தொகையின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது உமணரின் உப்பு வண்டியைக் கொண்டுவருகிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியில் பண்டம் மிகுதி. வழியில் பள்ளமும் மேடும் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் உமணர் அச்சுக்குக் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். வழி தெரியாது என்ற அதே அறியாமையிலிருந்து ஒருவர் எல்லாம் முறைப்படி நடக்கும் என்று அமைதி கொள்ளலாம், இன்னொருவர் மாற்று அச்சு கட்டலாம். சரக்கு ஏற்றிச் சாலையில் போகிறவருக்கு உமணரின் வழியே உரியது. நாளை தெரியாது என்பது கயிற்றை விடுவதற்குக் காரணமாகாது; இன்னொரு கட்டு போடுவதற்கான காரணம் அது.

இதுவரை சொன்னவை நம்பிக்கையும் முயற்சியும் சேர்ந்திருக்க முடியும் என்று காட்டுகின்றன. தளர்ந்த கட்டோடு போய், எதுவும் நேராமல், குமுளி தாண்டிச் சரக்கிறக்கித் திரும்பி வந்த லாரியைப் பற்றி அவை அதிகம் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு நேராக வருபவர்கள் சமணர்கள். அவர்களுடைய பழைய இருப்பிடம் ஒன்று இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

பழனிக்கு மேற்கே, சமவெளியிலிருந்து எழும் ஐவர்மலையில் தீர்த்தங்கரர் சிற்ப வரிசை ஒன்று பாறை நெற்றியில் செதுக்கப்பட்டிருக்கிறது. அயிரைமலை என்பதும் அதன் பெயர். சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஐச் சேர்ந்த கல்வெட்டு, பாண்டியன் இரண்டாம் வரகுணன் காலத்தில் சாந்திவீரக்குரவர் என்னும் துறவி பார்சுவர் படிமத்தையும் இயக்கியர் படிமங்களையும் புதுப்பித்துப் பொன் வைத்ததைச் சொல்கிறது. வரகுணன் 862இல் பட்டமேறினான் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்க உதவியதும் இந்தக் கல்வெட்டுதான். அங்கே வாழ்ந்த துறவியர் ஏற்றிருந்த நெறியில் ஐந்து சமிதிகள் உண்டு, அதாவது ஐந்து வகை விழிப்புகள். நடப்பதில், பேசுவதில், பிச்சை ஏற்பதில், கழிவு நீக்குவதில் விழிப்பு என்ற நான்கோடு ஐந்தாவதாகப் பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு. ஆதான நிக்ஷேபண சமிதி என்று அதற்குப் பெயர். நீர்க் கலத்தை எடுக்கும் முன்னும் கீழே வைக்கும் முன்னும் இடத்தைப் பார்த்து, மயிற்பீலியால் மெல்லத் தடவி, எந்த உயிரும் நசுங்காதென்று உறுதி செய்துகொண்டபின் வைக்க வேண்டும். ஏற்றுவதையும் இறக்குவதையும் அறத்தின் தனிக் கிளையாகவே வைத்த மரபு உலகில் வேறு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

இந்த விழிப்புக்கு அடியில் இருப்பது கொலை பற்றிய ஒரு வரையறை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில், அசட்டையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்கிறது. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று அது கேட்கவில்லை, கவனம் இருந்ததா என்று கேட்கிறது. வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையோடு தமிழ்ச் சமண மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இதை அதன் எல்லைவரை கொண்டுபோகிறார். கவனமின்றி நடப்பவனுக்கு, உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் இம்சை உறுதி. கவனமாக நடந்தவனுக்கு, தற்செயலாக ஓர் உயிர் மாண்டாலும் அதனால் வினைக்கட்டு இல்லை.

இந்தத் தீர்ப்பை மண்டி வாசலுக்குக் கொண்டுவந்தால் அதன் கடுமை புரியும். இரண்டு கட்டு குறைத்து அனுப்பிய லாரி பத்திரமாகத் திரும்பிவிட்டாலும் வினை நேர்ந்துவிட்டது. அது நேர்ந்த இடம் வளைவு அல்ல, மண்டி வாசல். நேரம், யாரும் சாவதற்கு வெகு முன்பு, கயிற்றைச் சுண்டிப் பாராமல் கிளம்பச் சொன்ன அந்த நிமிடம். பத்து வருடமாக இப்படித்தான் கட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்ற சமாதானம் இந்த நெறியின் முன் நிற்காது. ஒன்றும் ஆகாமல் போனது சாலையின் தயவு. கட்டியவரின் நற்செயலாக அதை எழுத முடியாது.

எண்ணமில்லாத இடத்தில் வினை எப்படி வரும் என்று பௌத்தர் கேட்பார்கள். அவர்களுக்கு எண்ணமே வினை. சமணருக்கும் பௌத்தருக்கும் இதில் நடந்த வாதம் பழையது. ஆனாலும் தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் முழுவதும் விழிப்பைப் பற்றியதாக இருப்பதால், நடைமுறையில் இரு மரபும் வெகுதூரம் விலகவில்லை. அசட்டையும் ஒருவகையில் மனத்தின் தேர்வுதான். முகம் தெரியாத ஒருவரின் உயிரைவிட அரைமணி நேரம் பெரிது என்று, வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்த முடிவு அது.

மேலைத் தத்துவம் இந்தக் கேள்விக்கு நெடுநாள் கழித்து, லாரியையே உதாரணமாக வைத்து வந்துசேர்ந்தது. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே கருத்தரங்கில் ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டா என்று விவாதித்தார்கள். நேகலின் உதாரணத்தில் ஓட்டுநர் ஒருவர் பிரேக்கைச் சோதிக்காமல் லாரியை எடுக்கிறார். குறுக்கே குழந்தை வந்தால் அவர் கொன்றவராகிறார். வராவிட்டால் சின்ன அலட்சியத்தோடு தப்புகிறார். அவர் செய்தது இரண்டு நிலையிலும் ஒன்றே. உலகம் கொடுக்கும் பழியோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. தன் கையில் இல்லாத ஒன்றால் ஒருவரின் குற்றம் கூடவும் குறையவும் செய்யலாமா என்ற புதிரை நேகல் தீர்க்காமலே விடுகிறார். குந்தகுந்தர் தீர்த்துவிட்டார்: கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருவரில் சமணரின் பதிலே நேர்மையானது. பழியைச் சாவின் மேல் வைத்தால் சாகும்வரை யாரும் திருந்த வேண்டியதில்லை. பழியைக் கட்டின் மேல் வைத்தால் இன்றைக்கே திருந்தலாம்.

இந்தியச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் அலட்சியச் செயலுக்கு, எவருக்கும் காயம்படாத நிலையில், மூன்று மாதம் வரை சிறையோ 2,500 ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. அதே அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. மூன்று மாதத்துக்கும் ஐந்து ஆண்டுக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதையும் அதிர்ஷ்டம்தான் அளக்கிறது. செத்தவரின் குடும்பத்துக்கு நீதி வேண்டும் என்பதால் சட்டம் விளைவைப் பார்க்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவில்லாத அலட்சியத்தைச் சாலையில் யாரும் தேடிப் பிடிப்பதில்லை என்பது சட்டத்தின் குறை அல்ல, நடைமுறையின் குறை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு இந்த இடத்தில் சமணரின் பக்கம் சற்று நகர்ந்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அளவுக்கு மிஞ்சிய எடைக்கு 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சரக்கு பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அளவு மீறி நீண்டிருந்தாலும் 20,000 ரூபாய். யாரும் சாகத் தேவையில்லை; நீட்டிக்கொண்டிருந்தாலே குற்றம். அந்தப் பிரிவின் இன்னொரு சிறப்பு, அது ஓட்டுபவரோடு நிற்பதில்லை. ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அதற்குள் வருகிறார்கள். எடையை மேடையில் அளக்கலாம், நீளத்தைக் கண்ணாலேயே காணலாம். படுதாவுக்குள் கட்டு எப்படி இருக்கிறது என்பதோ அபராதச் சீட்டுக்குள் சுலபமாக வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் சாலையோரச் சோதனை விதிகளில் சரக்குக் கட்டையும் சேர்த்தது. அமெரிக்க விதி, புறப்பட்டு முதல் 80 கிலோமீட்டருக்குள் ஓட்டுநர் இறங்கிக் கட்டைச் சோதிக்க வேண்டும் என்கிறது. திண்டுக்கல்லில் கிளம்பிய வண்டி ஏறத்தாழக் கரூரைத் தொடும் தூரம் அது. வெங்காயம் அமுங்கிக் கயிறு தொங்குவதும் முதல் ஓட்டத்தில்தான். டீக்கடையில் நிறுத்தும்போது சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் ஓட்டுநர்கள் பலர்; கயிற்றைச் சுண்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு விதியின் துணை வேண்டும்.

அனுமதித்தவரும் பொறுப்பு என்று சட்டம் சொல்லும்போது அறத்தின் அடுத்த கேள்வி திறக்கிறது. ஒரு லோடு சரிந்தால் அதில் எத்தனை பேருக்குப் பங்கு? அடுக்கிய லோடுமேன் இருக்கிறார். கட்டிய கிளீனர் இருக்கிறார். பார்க்காமல் எடுத்த ஓட்டுநர், நைந்த கயிற்றை மாற்றித் தராத உரிமையாளர், விடிவதற்குள் கேரளச் சந்தையில் சரக்கு நிற்க வேண்டும் என்று நெருக்கிய வியாபாரி, ஒரே வண்டியில் இன்னும் இருபது மூட்டை ஏற்றச் சொன்ன மண்டிக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். சமண நெறியில் வினை மூன்று வழியில் சேரும்: தானே செய்வது, பிறரைச் செய்விப்பது, செய்வதை ஒப்புவது. மண்டியிலிருந்து சாலைவரை உள்ள சங்கிலி முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. விபத்துக்குப் பிறகு கைதாவது பெரும்பாலும் ஓட்டுநர். அதிலும் பலமுறை அவரே செத்தவராக இருப்பார். வினையின் கணக்கு அங்கே முடிந்துவிட்டதாக எண்ணுவது மற்றவர்களுக்கு வசதி.

இனி விதி என்ற சொல்லுக்கு என்ன இடம்? அதற்கு இடம் உண்டு. முறையாக அடுக்கி, முறையாகக் கட்டி, வழியில் இறங்கிச் சோதித்து, மெதுவாகத் திரும்பிய ஓட்டுநரின் வண்டியிலும் ஒருநாள் டயர் வெடித்துச் சரக்கு சரியலாம். அவருக்கு வினை இல்லை என்று குந்தகுந்தர் சொல்வார். என்றாலும் அந்த ஓட்டுநர் இரவில் தூங்க மாட்டார். இந்த வருத்தத்தைத்தான் வில்லியம்ஸ் எடுத்துப் பேசினார்: குற்றமில்லாதவரும் தன் கையால் நேர்ந்ததற்கு வருந்துவார், வருந்தாவிட்டால்தான் அவரிடம் ஏதோ குறை. அவரிடம் போய், ஐயா, அது உங்கள் தவறல்ல, விதி என்று சொல்வது உண்மை, ஆறுதலும்கூட. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அதே சொல்லைச் சொல்லி அழலாம். இழந்தவர், நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொல்லும் விதிக்குக் கண்ணியம் உண்டு. கயிறு கட்ட வேண்டியவர், இன்னும் நடக்காததைப் பார்த்துச் சொல்லும் விதிக்கு அது இல்லை. சொல்பவர் யார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே சொல் ஆறுதலும் ஆகிறது, ஏமாற்றும் ஆகிறது. மண்டி வாசலில், வண்டி கிளம்பும் முன், அந்தச் சொல் யார் வாயிலும் வரக்கூடாது.

கவனத்தை அறம் என்று சொல்லிவிட்டு அதற்கான நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதும் அசட்டைதான். ஏற்றுகூலி பெரும்பாலும் மூட்டைக் கணக்கில் கிடைக்கிறது. மூட்டையை ஏற்றினால் காசு. கயிற்றை இன்னொருமுறை இழுத்தால் காசு இல்லை. அந்தக் கூலி முறையில் வேகமாக ஏற்றுபவர் பிழைப்பார், நிதானமாகக் கட்டுபவர் நட்டப்படுவார். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் மண்டிகளிலும் வேடசந்தூர் மில் வாசல்களிலும் சரக்கு அனுப்புவோர், ஏற்றுகூலியோடு கட்டுகூலியைத் தனியாக எழுத வேண்டும். படுதா விரிக்கும் முன் கட்டைப் பார்த்துக் கையெழுத்திட ஒருவரை வைக்க வேண்டும். நைந்த கயிற்றை வண்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது. கரூருக்குள் ஒருமுறை, மலை ஏறும் முன் ஒருமுறை இறங்கிப் பார்க்க ஓட்டுநருக்கு நேரம் கொடுத்துப் பயண நேரத்தைக் குறிக்க வேண்டும். ஆயுத பூசையன்று சந்தனம் பூசும் கருவிகளின் வரிசையில் கயிறும் கொக்கியும் இருக்கின்றன. அடுத்த நாள் காலையில் அவற்றில் எவை மாற்ற வேண்டியவை என்று உரிமையாளர்கள் எடுத்துப் பார்க்கட்டும்.